அடையாளம் தெரியாத உடல் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை ஐசோடோப்பு ஆய்வு எந்த அளவுக்குச் சொல்லும்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். குற்ற வழக்குகளை நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இளநிலை வழக்கறிஞராகப் பணியாற்றுகிறேன். அடையாளம் தெரியாத உடல்கள் தொடர்பான வழக்குகளைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, லண்டன் தேம்ஸ் ஆற்றில் 2001 செப்டம்பரில் கண்டெடுக்கப்பட்ட சிறுவனைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. தலையும் கைகால்களும் அகற்றப்பட்ட உடல் அது. கைரேகைக்கு வழியில்லை, பல்லும் இல்லை, பிரிட்டனில் காணாமல்போனோர் பட்டியலில் ஒத்துப்போகும் குழந்தையும் இல்லை. காவல்துறையினரே அவனுக்கு ‘ஆடம்’ என்று பெயர் வைத்தார்கள். எலும்பிலிருந்த ஸ்ட்ரான்சியத்தை ஆராய்ந்து, அவன் நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலிருந்து வந்தவன் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

எலும்பில் இருக்கும் ஒரு தனிமம் எப்படி ஒரு நாட்டையே காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அது உண்மையில் ஊரைக் காட்டுகிறதா, மாவட்டத்தைக் காட்டுகிறதா, அல்லது ஒரு பெரிய நிலப்பரப்பை மட்டும்தானா? நம் நாட்டு நீதிமன்றத்தில் இப்படியொரு அறிக்கை வந்தால் அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது, எங்கே கேள்வி எழுப்புவது? ரயில் பாதையோரத்திலும் கடற்கரையிலும் கிடைத்து, உரிமை கோர யாரும் வராமல் அடக்கம் செய்யப்படும் உடல்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றுக்கு இது உதவுமா என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் என் அக்கறை.

நிறமாலை:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். புவிவேதியியல் ஆய்வகத்தில் ஐசோடோப்பு அளவீடு செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணுவகை.

ஆடம் வழக்கிலிருந்தே தொடங்கலாம். ருபிடியம்-87 என்ற கதிரியக்க அணு மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். ஆகவே பாறை எவ்வளவு பழையதோ, அதில் ருபிடியம் எவ்வளவு மிகுதியோ, அந்த அளவுக்கு ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதம் கூடியிருக்கும். இளம் எரிமலைப் பாறையில் அது 0.704 அளவில் இருக்கலாம்; கடல்நீரில் உலகெங்கும் 0.7092, மிகப் பழைய கிரானைட் வகைப் பாறைகளில் 0.72ஐத் தாண்டும். பாறை மண்ணாகி, மண்ணின் ஸ்ட்ரான்சியம் நீரிலும் பயிரிலும் ஏறி, உண்பவரின் எலும்பில் கால்சியத்துக்குரிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது. இந்தப் பயணத்தில் விகிதம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி.

லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் கென் பை என்ற புவியியலாளர் சிறுவனின் எலும்பை அளந்தபோது, கேம்பிரியனுக்கு முந்தைய மிகப் பழைய பாறைப் பரப்பில் வாழ்ந்ததற்கான விகிதம் கிடைத்தது. அத்தகைய பாறை உலகில் பல இடங்களில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவை நோக்கி மற்றத் தடயங்களும் கைகாட்டியதால்தான், விசாரணைக் குழுவினர் நைஜீரியா சென்று மண், பாறை, காய்கறி, விலங்கெலும்பு முதலியவற்றைச் சேகரித்து ஒப்பிட்டு, பெனின் நகரை ஒட்டிய பகுதிக்குத் தேடலைக் குறுக்கினார்கள். இந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை அப்படியே வரைபடத்தில் ஒட்டாமல், நிலத்துக்கே போய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் சிறுவனின் உண்மைப் பெயர் இன்றுவரை உறுதியாகவில்லை. தேட வேண்டிய பரப்பைக் குறைத்துக் கொடுப்பதோடு ஐசோடோப்பின் வேலை முடிந்துவிடுகிறது.

மற்றோர் ஆதாரம் நீர். ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஆகிய கனமான அணுக்களைக் கொண்ட நீர் மேகத்திலிருந்து முதலில் மழையாக இறங்கிவிடுகிறது. மேகம் கடலிலிருந்து உள்நாட்டுக்கும் மலைமீதும் செல்லச் செல்ல, எஞ்சும் நீராவி இலேசாகிக்கொண்டே போகிறது. எனவே கடலோர மழையும் உள்நாட்டு மழையும் ஒன்றல்ல. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1960களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் மழைநீரைச் சேகரித்து இதைப் பதிந்துவருகின்றன. நாம் குடிக்கும் நீரின் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் முடியிலும் நகத்திலும் சேர்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 18 மாநிலங்களின் 65 ஊர்களில் முடிதிருத்தும் கடைகளிலிருந்து முடியையும், அந்தந்த ஊர்க் குழாய்நீரையும் சேகரித்து அளந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை 2008இல் வெளியிட்டார்கள். முடியிலுள்ள இந்த அணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குடிநீரிலிருந்து வருவது. மீதியில் உணவுக்கே பெரும்பங்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்விடை: ஊரைக் காட்டாது. ‘இந்தப் பட்டைக்குள் இருக்கக்கூடும், அந்தப் பட்டைக்குள் இருந்திருக்க முடியாது’ என்று காட்டும். இதில் இரண்டாம் பாதிதான் உறுதியானது.

மரு. தென்திசை:

நிறமாலை அவர்கள் சொன்னதை வழிமொழிந்து, பிணவறைப் பக்கமிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் தடய மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன்.

உடலின் ஒவ்வொரு திசுவும் ஒவ்வொரு காலத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவானபின் மாறுவதில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பிலிருந்து மூன்று வயது அளவில் முடிந்துவிடும். ஞானப்பல்லுடையது பதின்ம வயதின் நடுப்பகுதி வரை நீளும். தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் ஆக்சிஜன் விகிதம் சற்று உயர்ந்து காணப்படும் என்பதால், பிறந்த ஊரைத் தேடும்போது முதல் கடைவாய்ப்பல்லை மட்டும் நம்பாமல் இரண்டாம் கடைவாய்ப்பல்லையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தொடையெலும்பு, பெரியவர்களிடத்தில், பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் சராசரியைத் தரும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், 24 சென்டிமீட்டர் முடி இருந்தால் இரண்டாண்டு நடமாட்டம் அதில் வரிசையாக இருக்கிறது.

இந்த வரிசைதான் அமெரிக்காவில் ஒரு வழக்கில் உதவியது. 2000ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரியின் அருகே ஓர் இளம்பெண்ணின் எச்சங்கள் கிடைத்தன. முடியைத் துண்டுதுண்டாக வெட்டி அளந்தபோது, இறப்பதற்கு முந்தைய காலத்தில் அவர் ஒரே இடத்தில் இராமல், வடமேற்கு மாநிலங்களுக்கும் சால்ட் லேக் பகுதிக்கும் இடையே இடம் மாறியிருக்கிறார் என்று தெரிந்தது. 2012இல் அவர் யார் என்பதை உறுதிசெய்தது டி.என்.ஏ.தான். ஆயினும் தேடலை எந்தத் திசையில் விரிப்பது என்று சொன்னது அந்த முடி.

இதில் எனக்குள்ள பெரிய வருத்தம், மாதிரி சேகரிப்பதில் நாம் காட்டும் அலட்சியம். முடியைப் பிடுங்கி ஒரு உறையில் சுருட்டிப் போட்டுவிட்டால், எந்த முனை வேர், எந்த முனை நுனி என்பதே தெரியாமல் போய்விடும்; பிறகு கால வரிசை என்பதற்கே பொருளில்லை. பின்மண்டையிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையை, தோலை ஒட்டி வெட்டுவதற்கு முன்பே நூலால் கட்டி, வேர்ப்பக்கத்தை அடையாளமிட்டு, உலர்ந்த காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபார்மலினில் போடவே கூடாது, அதில் இருப்பதே கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். எரிந்த உடலாக இருந்தால் கார்பன், ஆக்சிஜன் விகிதங்கள் கெட்டுவிடும். ஆனால் வெந்து வெளுத்த எலும்பில் ஸ்ட்ரான்சியம் பெரும்பாலும் தப்பித்து நிற்கும். ஆகவே எரிந்த எலும்பு என்று கைவிட்டுவிடக் கூடாது.

உடலை அடக்கம் செய்வதற்கு முன் ஒரு பல், ஒரு கற்றை முடி, ஒரு விரல் நகம் ஆகியவற்றை முறையாக எடுத்து வைப்பதற்கு அதிக நேரமோ செலவோ ஆகாது. இன்று ஆய்வு செய்ய வசதியில்லாவிட்டாலும் நாளை செய்யலாம்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் அவர்கள் சொன்ன மாதிரி சேகரிப்பு முறையை எங்கள் மூத்தவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவின்கீழ் நடக்கும் மரண விசாரணையில் இதை எழுத்தில் கேட்கலாம்’ என்றார்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் கேன் தண்ணீர் குடிக்கிறோம். ரேஷன் அரிசி எங்கெங்கிருந்தோ வருகிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இங்கே வாழ்கிறார்கள். இந்த நிலையில் மண்ணும் மழையும் உடலில் பதிகின்றன என்ற அடிப்படையே ஆட்டம் காணாதா?

நிறமாலை:

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் காணும், ஆனால் சாய்ந்துவிடாது.

சென்னையை எடுத்துக்கொள்வோம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையங்கள் உள்ளன. ஆக்சிஜன் அளவீட்டில் கடல்நீரின் சராசரிதான் பூச்சியப் புள்ளி. அங்கே நடக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்.ஓ.) உப்பு நீங்குகிறதே தவிர நீரின் ஐசோடோப்பு விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அந்த நீரைக் குடிப்பவரின் உடலில் எந்த மழையையும் ஒத்திராத, கடலையொட்டிய ஒரு மதிப்பு சேர்கிறது. அதே நகரத்தின் இன்னொரு பகுதிக்கு வீராணம் ஏரி நீர் வருகிறது. அது மூலத்தில் காவிரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை. பூண்டிக்குக் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா நீர் வருகிறது. அதே நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் வடகிழக்குப் பருவமழை ஊறியிருக்கிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை தென்மேற்கு மழையைவிடக் கனமான ஐசோடோப்புகள் குறைந்தது என்பது பல இடங்களில் அளந்து கண்ட செய்தி. இதற்கும் மேலாக, ஏரி கோடையில் வற்றும்போது இலேசான நீர் முதலில் ஆவியாகி, எஞ்சும் நீர் கனத்துவிடும். ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், இத்தனை நீர்கள்! மழை வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இவர் சென்னைக்காரர்’ என்று எழுதும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக் குழாய், லாரித் தண்ணீர், கேன் மூன்றையும் பகுதி வாரியாக, பருவம் வாரியாக அளந்து அட்டவணை தயாரித்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

உணவில் நிலைமை சற்றுத் தெளிவு. நெல், கோதுமை, பருப்பு, காய்கறி ஆகியவை ஒரு வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. அவற்றின் கார்பன்-13 டெல்டா மதிப்பு, அதாவது தர மாதிரியிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்ற அளவு, –27ஐ ஒட்டி இருக்கும். சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு –12 அளவு. இந்த இடைவெளி மிகப் பெரியது, கருவியின் பிழை வரம்பெல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை. அமெரிக்கர்கள் மக்காச்சோளம் தின்று வளர்ந்த கால்நடையின் இறைச்சியையும் கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையையும் மிகுதியாக உண்பதால், அவர்கள் முடி ஐரோப்பியர் முடியிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது. வியட்நாம் போன்ற நாடுகளில் கிடைக்கும் எலும்புகளில் எவை அமெரிக்கப் படைவீரருடையவை, எவை அரிசியுண்ட உள்ளூர் மக்களுடையவை என்று பிரிக்க, ஹவாயிலுள்ள அமெரிக்க ராணுவ அடையாள ஆய்வகம் இதைப் பயன்படுத்துகிறது. அரிசியே உணவாகக் கொண்ட காவிரி டெல்டா மாவட்டத்தவரையும், கம்பும் சோளமும் அன்றாடம் உண்ணும் மேற்கு ராஜஸ்தானிலிருந்தோ வட கர்நாடகத்திலிருந்தோ அண்மையில் வந்தவரையும் இதைக்கொண்டு பிரித்தறிய வாய்ப்பு உண்டு. அதே நேரத்தில் தஞ்சாவூரையும் மேற்கு வங்கத்தையும் கார்பனால் மட்டும் பிரிக்க முடியாது. இரண்டிடத்திலும் அரிசியும் மீனும்தான். அங்கேதான் பல்லெனாமலின் ஸ்ட்ரான்சியம் கைகொடுக்கும்.

தேனடை:

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். ‘முடியாது என்பதே உறுதி’ என்று நிறமாலை சொன்னதற்கு எங்கள் துறையில் கண்கூடான எடுத்துக்காட்டு இருக்கிறது.

தேனீ மொய்க்கும் பூக்களில் பெரும்பாலானவை நெல் வகை ஒளிச்சேர்க்கைச் செடிகளுடையவை. கரும்புச் சர்க்கரைப் பாகையோ மக்காச்சோளப் பாகையோ தேனில் கலந்தால் கார்பன் மதிப்பு மேலேறிக் காட்டிக்கொடுத்துவிடும். தேனிலுள்ள புரதத்தைத் தனியே பிரித்து, அதன் மதிப்பையும் மொத்தத் தேனின் மதிப்பையும் ஒப்பிடுவோம். புரதம் தேனீ தந்தது, கலப்படக்காரர் கை அதில் படுவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர அளவுகளிலும் இந்தக் கலப்புக்கு 7 சதவீத உச்சவரம்பு உண்டு. சோதனையில் தோற்ற தேனைப் பற்றி ‘இதில் அந்நியச் சர்க்கரை இருக்கிறது’ என்று அழுத்தமாகச் சொல்லலாம். ஆனால் தேறிய தேனைத் தூய தேன் என்று சொல்லவே கூடாது. அரிசியிலிருந்து செய்த பாகு பூந்தேனின் அதே கார்பன் மதிப்பைக் கொண்டிருப்பதால் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். 2020இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தைத் தேனை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இது நாடறிந்த செய்தி.

‘ஒத்துப்போகிறது’ என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, வேறு எவையெல்லாம் அதே போல ஒத்துப்போகும் என்று கேட்க வேண்டும். உடலுக்கும் அதே கேள்விதான்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மன்னார் நகரில் சதோச (அரசு விற்பனை நிலையம்) கட்டடம் இருந்த இடத்தில் 2018இல் தோண்டப்பட்ட மனிதப் புதைகுழியின் எலும்புகளை அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் பலருக்கு அந்த முடிவில் நிறைவு ஏற்படவில்லை. நீங்கள் பேசும் ஆய்வும் அதுவும் ஒன்றா?

நிறமாலை:

ஐயா, இரண்டும் வேறு. அங்கே செய்தது கதிரியக்கக் கார்பன்-14 கொண்டு காலத்தைக் கணிக்கும் ஆய்வு. நாங்கள் இங்கே பேசுவது சிதையாத அணுக்களைக் கொண்டு இடத்தையும் உணவையும் கணிப்பது. எனினும் இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. கடல்நீரில் உள்ள கார்பன் பழையது; கடலுணவை மிகுதியாக உண்டவரின் எலும்பு, கார்பன்-14 கணக்கில் சில நூற்றாண்டுகள் வரை மூத்ததாகத் தோன்றலாம். ஒருவர் எவ்வளவு கடலுணவு உண்டார் என்பதைக் கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகிய நிலையான ஐசோடோப்புகளே சொல்லும். இதில் ஒரு சிக்கல்: சிறுதானியம் உண்டவரின் கார்பன்-13 மதிப்பும் கடலுணவு உண்டவருடையதைப் போலவே உயரும்; நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீனையும் தானியத்தையும் பிரிக்க முடியும். ஆகவே மன்னாரைப் போன்ற கடலோர ஊரில் கிடைத்த எலும்பின் காலத்தைப் பற்றி எவர் அறிக்கை தந்தாலும், இந்த இரு மதிப்புகளும் அதில் உள்ளனவா, கடலுணவுத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பது உறவினர்களின் உரிமை. அந்தத் திருத்தம் முடிவைத் தலைகீழாக மாற்றும் என்று நான் சொல்லவில்லை. கேள்விக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும் என்கிறேன்.

சாட்சிக்கூண்டு:

நீதிமன்றப் பக்கம் இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பாரதிய சாக்ஷிய அதிநியம் 39ஆம் பிரிவின்கீழ் இது வல்லுநர் கருத்து. முன்பு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. டி.என்.ஏ. அறிக்கையில் ‘தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு இத்தனை கோடியில் ஒன்று’ என்ற எண் வரும். ஐசோடோப்பில் அப்படியொரு எண்ணுக்கு இந்திய அளவிலான தரவு அடித்தளம் கிடையாது. எனவே இதை அடையாளச் சான்றாக வைக்காமல், விசாரணை எந்தத் திசையில் சென்றது, ஏன் சென்றது என்பதற்கு விளக்கமாகவும், எதிர்த்தரப்பு சொல்லும் கதையை விலக்குவதற்கும் பயன்படுத்துவதே முறை. ‘இறந்தவர் கடந்த ஓராண்டாக எங்கள் ஊரை விட்டு நகரவே இல்லை’ என்று ஒருவர் சாட்சி சொல்ல, முடியோ ஆறு மாதத்துக்கு முன் தெளிவான மாற்றத்தைக் காட்டினால், அந்தச் சாட்சியத்தை அசைக்க அது போதும்.

குறுக்கு விசாரணைக்கு வருவோம். முடியிலுள்ள ஹைட்ரஜனில் ஒரு பகுதி ஆய்வகக் காற்றின் ஈரத்தோடு இடம் மாறிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய, மதிப்பு அறிந்த முடியை அதே நாளில், அதே தட்டில் வைத்து அளக்க வேண்டும். அமெரிக்க நில ஆய்வுத் துறை இதற்கென்றே திபெத்திய முடி, இந்திய முடி என இரண்டு தர மாதிரிகளை வழங்குகிறது. அவற்றை வைத்து அளந்தீர்களா என்பது என் முதல் கேள்வி. ஒப்பீட்டு வரைபடம் மழையிலிருந்து கணித்ததா, உண்மையான குடிநீரிலிருந்து அளந்ததா என்பது இரண்டாவது. அதே மதிப்பைத் தரக்கூடிய பிற பகுதிகளின் பட்டியல் அறிக்கையில் ஏன் இல்லை என்பது மூன்றாவது. பெரும்பாலும் இங்கேதான் வல்லுநர் தயங்குவார். வைகைக்கரை அவர்களே, உங்கள் மூத்தவர் மரண விசாரணையில் மாதிரி கேட்டு மனு கொடுப்பதாக இருந்தால், மருத்துவர் சொன்ன வேர்முனை அடையாளத்தையும் காகித உறையையும் மனுவிலேயே வரிவரியாக எழுதிவிடுங்கள். ‘முடி மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், சுருட்டிய உறைதான் கைக்கு வரும்.